வீட்டில் பாட்டுக் கட்டுபவர்களுக்கு டிரம்ஸ்: மென்பொருளா, மெஷினா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மெட்டுப் போட்டு, வரி எழுதி, வீட்டிலேயே பதிவு செய்கிறவர்கள் டிரம்ஸ் விஷயத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. மெஷின் என்று நான் சொல்வது டிரம் மெஷினை, அதாவது டிரம்ஸ் ஒலியைத் தாளமாக வாசிக்கும் தனிக் கருவியை. ஒரு கிட்டாரோ கீபோர்டோ, ஒரு லேப்டாப்போ போனோ, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கிடைக்கிற ஒரு மணி நேரம், இவ்வளவுதான் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஸ்டூடியோ வைத்துத் தொழில் செய்பவர்களின் தேவை வேறு, அதற்குள் போகவில்லை.

பாட்டு எழுதத்தானே போகிறேன், மெட்ரோனோம் போதாதா?

வேகம் பிடிக்க மட்டும் என்றால் போதும். ஆனால் மெட்ரோனோமின் டிக் டிக்குக்கு நடை கிடையாது. அதே நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் சதுஸ்ர நடையில் (ஒரு அடி நாலாகப் பிரிவது) பாடினால் ஒரு பாட்டு, திஸ்ர நடையில் (மூன்றாகப் பிரிவது) பாடினால் வேறொரு பாட்டு. தத்தகாரம் (மெட்டைச் சொல்லும் தனன தானன) மாறும், சொல்லின் நீளம் மாறும், பல்லவியை எங்கே எடுக்கிறோம் என்பதுகூட மாறிவிடும். மெட்டுக்கு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கிக்கும் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) ஸ்னேரும் (குச்சியால் அடிக்கும் கூர்மையான ஒலியுள்ள டிரம்) உள்ள ஒரு எளிய பீட் ஓடிக்கொண்டிருந்தால் வார்த்தை தானாக அதன் இடத்தில் போய் விழும், விழாத வார்த்தை எது என்றும் உடனே தெரிந்துவிடும்.

இதிலிருந்துதான் என் அளவுகோல் வருகிறது. மனதில் வந்த மெட்டு கலைவதற்கு முன்னால் அதன் கீழே ஒரு தாளம் ஓட வேண்டும். அதை உங்களுக்கு எது சீக்கிரம் செய்து தருகிறதோ அதுதான் உங்களுக்குச் சரியான டிரம்ஸ். ஒலியின் தரம் அதற்குப் பிறகுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகும்.

சரி, மென்பொருளா மெஷினா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறீர்கள் என்றால் மென்பொருள். கம்ப்யூட்டரைத் திறந்தாலே மெயிலுக்கும் வீடியோவுக்கும் கவனம் ஓடிவிடுகிறது, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் பாட்டு வருகிறது என்றால் மெஷின். இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள்.

கையில் காசு இல்லை. இலவசமாக என்ன கிடைக்கும்?

நிறைய கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும். முதல் சில பாட்டுகளுக்கு யாரும் காசு செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் கூடவே இலவசமாக வருகிறது. அதில் இருக்கும் டிரம்மர் வசதி 2013-ல் ஆப்பிளின் இன்னொரு பதிவு மென்பொருளான லாஜிக் புரோ எக்ஸில் அறிமுகமாகி, அதே ஆண்டில் கராஜ்பேண்டுக்கும் வந்தது. ஒரு வாசிப்பாளரைத் தேர்ந்தெடுத்து, மஞ்சள் புள்ளி ஒன்றை ஒரு சதுரத்துக்குள் நகர்த்தினால், மெதுவாகவா பலமாகவா, எளிமையாகவா சிக்கலாகவா என்பது அதற்கேற்ப மாறும். பல்லவிக்கு ஒரு இடம், சரணத்துக்கு ஒரு இடம் என்று புள்ளியை வைத்துவிட்டால் பாட்டின் எலும்புக்கூடு தயார். பாட்டு எழுதுவதற்கென்று யோசித்துச் செய்த வசதி என்று இதைச் சொல்வேன்.

விண்டோஸ் என்றால் முதலில் பதிவு செய்ய ஒரு மென்பொருள் வேண்டும். ரீப்பர் 60 நாள் எந்த வசதியும் குறையாமல் ஓடும், தனிநபர் உரிமம் 60 டாலர். ரீப்பருக்குள் எம்டி பவர் டிரம் கிட் என்ற இலவச ப்ளக்-இன்னை (பதிவு மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்) போடுங்கள். ஒரே ஒரு ராக் கிட்தான், ஆனால் தயார் நிலையில் பீட்களும் ஃபில்களும் (பகுதி மாறும் இடத்தில் வரும் சின்ன உருட்டல்கள்) அதற்குள்ளேயே இருக்கின்றன, கேட்டுப் பார்த்து இழுத்து டிராக்கில் போட்டால் முடிந்தது. ஸ்டீவன் ஸ்லேட் டிரம்ஸின் இலவசப் பதிப்பும் உண்டு; அதன் ஸ்னேர் கொஞ்சம் கனமாக, மிக்ஸ் செய்து முடித்த மாதிரி ஒலிக்கும். உங்களிடம் ஏற்கெனவே தனித்தனி டிரம் ஒலிகள் கோப்புகளாக இருந்தால் சிடாலா என்ற சின்ன ப்ளக்-இன் போதும்: 16 பேட் (தட்டினால் ஒலிக்கும் கட்டம்), ஒவ்வொன்றிலும் ஒரு ஒலியை இழுத்துப் போட்டு அடிக்கலாம், அவ்வளவுதான். அந்த எளிமை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

லினக்ஸ் என்றால் ஹைட்ரஜன். விண்டோஸிலும் மேக்கிலும்கூட ஓடும். இது திறந்த மூல மென்பொருள், ப்ளக்-இன்னாக இல்லாமல் தனியாகவே ஓடக்கூடியது. கட்டங்களில் புள்ளி வைத்து ஒரு பேட்டர்ன், பேட்டர்ன்களை வரிசையாக அடுக்கினால் ஒரு பாட்டு. முடிந்ததும் வேவ் கோப்பாகவோ (ஒலி) மிடி கோப்பாகவோ (எந்த அடி எப்போது என்ற குறிப்பு மட்டும்) எடுத்துக்கொள்ளலாம். பழைய லேப்டாப்பிலும் சிரமமில்லாமல் ஓடுவதால், கல்லூரிப் பிள்ளைகள் கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எஃப்எல் ஸ்டூடியோ என்ற பதிவு மென்பொருளின் இலவச டிரயலைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். அதில் செய்ததைச் சேமிக்கலாம், ஆனால் உரிமம் வாங்கும் வரை சேமித்த கோப்பை மறுபடி திறந்து வேலை செய்ய முடியாது. இது தெரியாமல் பாதிப் பாட்டைச் செய்து வைத்துவிட்டுத் தவிப்பவர்கள் அதிகம். டிரயலில் வேலை செய்கிறீர்கள் என்றால் எழுந்திருக்கும் முன் ஆடியோவாக எடுத்து வைத்துவிடுங்கள்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது.

தாராளமாகப் போதும். ஐபோனில் கராஜ்பேண்ட் இருக்கிறது, அதில் ஸ்மார்ட் டிரம்ஸ் என்ற பகுதியைத் திறந்து கிக், ஸ்னேர், ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு) படங்களை ஒரு கட்டத்துக்குள் இழுத்து வைத்தால் பீட் ஓட ஆரம்பித்துவிடும். ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப் இலவசம், எஃப்எல் ஸ்டூடியோ மொபைல் காசுக்கு. கோலா சாம்ப்ளர் இரண்டிலும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது: மேசையைத் தட்டி மைக்கில் பதிவு செய்து, அந்தத் தட்டலையே கிக்காக வைத்துக்கொள்ளலாம். போனில் செய்யும்போது வயர் ஹெட்போன் போடுங்கள். காரணம் கீழே தாமதம் பற்றிய கேள்வியில் வருகிறது.

வீட்டில் பழைய யமஹா கீபோர்டு கிடக்கிறது. அதில் ஏதாவது செய்ய முடியுமா?

இதை யாரும் கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் ஒரு டிரம் மெஷினை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியே தேடுகிறார்கள். கீபோர்டில் ஸ்டைல் என்று இருக்கிறதே, அது டிரம் மெஷினேதான். ஒரு எண்ணைத் தட்டி ஸ்டார்ட் அழுத்தினால் தாளம் வந்துவிடும், மெயின் ஏ, மெயின் பி, ஃபில்-இன், எண்டிங் எல்லாம் பட்டனில் இருக்கும். என் அளவுகோலின்படி இதைவிடச் சீக்கிரமான கருவி கிடையாது. யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசையும் காசியோவின் சிடி-எக்ஸ்9000ஐஎன் போன்ற மாடல்களும் இந்தியச் சந்தைக்கென்றே வந்தவை, இந்திய வாத்திய ஒலிகளும் தாளங்களும் அவற்றில் உண்டு.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஸ்டைலை ஓடவிட்டால் டிரம்ஸோடு பேஸும் கார்டும் சேர்ந்தே வரும், அந்த அலங்காரத்துக்குள் உங்கள் மெட்டு மாட்டிக்கொள்ளும். அக்கம்பனிமெண்ட் பட்டனை அணைத்துவிட்டு ரிதத்தை மட்டும் ஓடவிட்டு எழுதுங்கள். அந்த ஒலியே பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. கீபோர்டில் யூஎஸ்பி இருந்தால் லேப்டாப்பில் செருகி, அதன் கட்டைகளை வைத்தே மென்பொருள் டிரம்ஸை அடிக்கலாம். 1991-ல் வந்த ஜெனரல் மிடி வரையறைப்படி (எந்தக் கட்டை எண்ணுக்கு எந்த ஒலி என்ற பொது விதி) கிக் 36-ஆம் எண், ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42, திறந்தது 46, கிராஷ், ரைடு என்ற பெரிய தாளத்தட்டுகள் 49, 51. பெரும்பாலான டிரம் ப்ளக்-இன்கள் இந்த வரிசையை ஒட்டியே போகும். அதே 36-ஐ ஒரு மென்பொருள் சி1 என்றும் இன்னொன்று சி2 என்றும் காட்டும், குழம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

சர்ச்சிலோ மேடைக் கச்சேரியிலோ வாசிக்கும் நண்பரிடம் ஆக்டோபேட் இருந்தால் இன்னும் நல்லது. ரோலண்டின் எஸ்பிடி வரிசையில் எட்டு பேட் உள்ள மாடல்களில் மிடி அவுட் இருக்கும், அதன் வழியாக அடித்ததை லேப்டாப்பில் மிடியாகப் பதிவு செய்யலாம். குச்சியால் அடித்துப் பதிவாகும் பீட்டுக்கு இருக்கும் உயிர் மவுஸால் புள்ளி வைத்ததற்கு வராது.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஈஸிடிரம்மரா, அடிக்டிவ் டிரம்ஸா, சுப்பீரியர் டிரம்மரா?

பாட்டு எழுதுவதற்கு ஈஸிடிரம்மர் என்பது என் பதில். மூன்றும் ஸ்வீடனிலிருந்து வருபவை. ஈஸிடிரம்மரும் சுப்பீரியரும் டூன்டிராக் நிறுவனத்துடையவை, அடிக்டிவ் டிரம்ஸ் எக்ஸ்எல்என் ஆடியோவுடையது. ஒலியில் மூன்றும் நன்றாகவே இருக்கும், கேட்பவர்களுக்குப் பாட்டில் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

வித்தியாசம் வேலை செய்யும் முறையில்தான் இருக்கிறது. 2022-ல் வந்த ஈஸிடிரம்மர் 3-ல் பேண்ட்மேட் என்று ஒரு வசதி உண்டு. நீங்கள் பதிவு செய்த கிட்டார் துண்டை அதில் இழுத்துப் போட்டால், அதன் தாளக்கட்டுக்குப் பொருந்தும் பீட்களைத் தேடி எடுத்து வரிசையாக வைக்கும். இன்னொரு வழி, கிக்கும் ஸ்னேரும் எங்கே விழ வேண்டும் என்று நீங்களே தட்டிக் காட்டுவது. அதைப் போன்ற பீட்களை அது தேடித் தரும். பிடித்ததைக் கீழே உள்ள பாட்டு வரிசையில் போட்டு, பல்லவி, சரணம், இடையிசை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மெட்டு கையை விட்டுப் போவதற்குள் தாளம் வந்துவிடுகிறது, எனக்கு அதுதான் வேண்டும்.

அடிக்டிவ் டிரம்ஸ் 2 அளவில் சின்னது, பழைய கம்ப்யூட்டருக்கு இணக்கமானது, ஒலியை முறுக்கிப் பார்ப்பதற்கான வசதிகள் முகப்பிலேயே இருக்கும். டெமோ பதிப்பு இலவசம், முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

சுப்பீரியர் டிரம்மர் 3 பெரிய ஆள். பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் மாஸன்பர்க் பதிவு செய்த ஒலிகள், மொத்தமாக 230 ஜிபிக்கு மேல். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். மிக்ஸிங் உங்களுக்கு ஒரு தனி ஆசை என்றால் வாங்குங்கள், ஆயுசுக்கும் போதும். பாட்டு எழுத மட்டும் என்றால் வேண்டாம், ஸ்னேரின் கீழ் மைக்கை எவ்வளவு வைப்பது என்று பார்த்துக்கொண்டே ராத்திரி போய்விடும், வரி எழுத நேரம் இருக்காது.

லேப்டாப் விஷயத்தில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இருந்தால் முதல் இரண்டும் ஓடும். ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் என்றால் கிட் ஏறுவதற்கே காத்திருக்க வேண்டிவரும்.

எல்லோரும் 808, 909 என்கிறார்களே, அது எனக்குத் தேவையா?

டிஆர்-808 ரோலண்ட் 1980-ல் வெளியிட்ட மெஷின். 1983-ல் நிறுத்துவதற்குள் சுமார் 12,000 தான் தயாரித்தார்கள். அதன் ஒலிகள் எல்லாம் மின்சுற்றிலேயே உருவானவை, நிஜ டிரம்ஸ் மாதிரி இல்லை என்று அப்போது குறை சொன்னார்கள். அதே 1980-ல் ரோஜர் லின் வெளியிட்ட எல்எம்-1 நிஜ டிரம்ஸைப் பதிவு செய்து திருப்பி ஒலித்தது, விலை 5,000 டாலருக்குப் பக்கம். நினைவகச் சில்லு அப்போது அவ்வளவு விலை என்பதால் அதில் கிராஷும் ரைடும் வைக்கவே இல்லை. 808 மலிவு, அதனால் பழைய பொருளாகக் கைமாறி இளைஞர்கள் கைக்குப் போய், ஹிப்-ஹாப்பின் அடித்தளமாக ஆனது. 909 அதற்கு அடுத்தது, 1983. அதன் கிக் இன்றும் டான்ஸ் இசையின் கிக்.

இந்த ஒலிகளுக்காக மெஷின் வாங்க வேண்டாம், எந்த மென்பொருளிலும் இலவசமாகவே இருக்கும். பயன்படுத்துகிறீர்கள் என்றால் போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள்: 808 கிக்கின் பலம் 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் அது வராது. நம்மவர்கள் பெரும்பாலும் போனில்தான் கேட்கிறார்கள். அதனால் மேலே லேசாக ஒரு சாதாரண கிக்கையும் சேர்த்து வையுங்கள்.

மெஷின்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். எதை வாங்குவது?

கிட்டார் வாசித்துக்கொண்டே எழுதுகிறவர் என்றால் பீட்பட்டி. காலால் மிதிக்கும் பெடல். ஒரு தட்டு தட்டினால் ஃபில், அழுத்திப் பிடித்துவிட்டால் அடுத்த பகுதிக்குப் போகும். கை இரண்டும் கிட்டாரிலேயே இருக்கும், பல்லவியிலிருந்து சரணத்துக்கு நீங்கள் போகும்போது டிரம்ஸும் கூடவே வரும். எழுதும்போது இதன் அருமை தெரியும்.

அலெசிஸ் எஸ்ஆர்-16 என்ற மெஷின் 1990 வாக்கில் வந்தது, பல பத்தாண்டுகள் மாறாமல் விற்றுக்கொண்டிருந்தது. ஒலி பழையதுதான், திரை சின்னது. ஆனால் ஏ, பி, ஃபில் என்று மூன்று பட்டனில் பாட்டு முடிந்துவிடும், அதனால்தான் ஒற்றை ஆளாகப் பாடுகிறவர்கள் இன்னும் அதை விடவில்லை.

கோர்க் வோல்கா பீட்ஸ் சின்னது, ஆறு ஏஏ பேட்டரியில் ஓடும், சொந்த ஸ்பீக்கரும் உண்டு, மொட்டை மாடிக்கு எடுத்துப் போகலாம். கிக் அருமை, ஸ்னேர் பலவீனம். டீனேஜ் எஞ்சினியரிங்கின் பாக்கெட் ஆப்பரேட்டர் இன்னும் சின்னது, பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் 16 கட்டத்துக்கு மேல் யோசிக்க வேண்டியவர்களுக்கு அது சீக்கிரம் போதாமல் போய்விடும். ரோலண்ட் டிஆர்-6எஸ், டிஆர்-8எஸ், அகாயின் எம்பிசி வரிசை எல்லாம் நல்ல மெஷின்கள், ஆனால் அவை தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய வாத்தியங்கள். பீட்டிலிருந்தே பாட்டுக்குப் போகிறவர், ராப் எழுதுகிறவர், இவர்களுக்கு எம்பிசியைத் தயங்காமல் சொல்வேன். முதலில் மெட்டு, அப்புறம் தாளம் என்று வேலை செய்பவருக்கு அது தேவைக்கு மேல்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறீர்கள் என்றால் அடாப்டரைப் பாருங்கள். நம் ஊர் 230 வோல்ட்டுக்குப் பொருந்துமா, வெளியீடு ஏசியா டிசியா, பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று மெஷினின் பின்னால் எழுதியிருக்கும். 9 வோல்ட் என்ற எண்ணை மட்டும் பார்த்து ஏதோ ஒரு அடாப்டரைச் செருகி மெஷினைக் கருக்கிவிடாதீர்கள்.

எந்த மென்பொருளிலும் குத்து வர மாட்டேன் என்கிறது. எல்லாம் ராக் மாதிரியே ஒலிக்கிறது. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், காரணமும் எளிது. மென்பொருளைத் திறந்ததும் வரும் கட்டம் 16. அதாவது நாலு அடி, ஒவ்வொன்றும் நாலாகப் பிரிந்தது, சதுஸ்ர நடை. நம் குத்து, கும்மி, தாலாட்டு, கிராமியப் பாட்டில் பெரும்பகுதி மூன்றாகப் பிரியும் திஸ்ர நடை. 16 கட்டத்துக்குள் அதை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அது விழ வேண்டிய இடம் அந்தக் கட்டத்திலேயே இல்லை.

செய்ய வேண்டியது: தாளத்தை 4/4 என்றே விட்டுவிட்டு, கிரிட்டை (கட்டப் பிரிவை) டிரிப்லெட்டாக, அதாவது ஒரு அடிக்கு மூன்றாக, மாற்றுங்கள். இப்போது ஒரு பாருக்கு (நாலு அடி சேர்ந்த ஒரு சுற்று) 12 கட்டம் கிடைக்கும். முதலில் மெதுவான ஒன்று: கிக்கை 1, 7-ல் வையுங்கள், ஸ்னேரை 4, 10-ல், ஹை-ஹாட்டைப் பன்னிரண்டிலும். வேகம் 60 வைத்து ஓடவிடுங்கள், தாலாட்டுக்கோ சோகப் பாட்டுக்கோ உடனே பயன்படும். இப்போது வேகத்தை 125-க்கு ஏற்றி, கிக்கை 1, 4, 7, 10 நாலிலும் வைத்து, ஸ்னேரை 4, 10-ல் பலமாகவும் 3, 6, 9, 12-ல் ரொம்ப மெதுவாகவும் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் முந்தின கட்டத்தில் விழும் அந்தச் சின்னத் தட்டுதான் காலைத் தூக்க வைக்கிறது. வாயால் 'டண்டணக்க டணக்குணக்க' என்று சொல்லிக்கொண்டே எந்த எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து மீதியை நிரப்புங்கள். ஆடியன்ஸ் எழுந்து ஆடும் குத்துக்கு மேலே இன்னும் இரண்டு மூன்று வாத்தியம் சேர வேண்டும்தான், ஆனாலும் பாட்டு எழுத இது போதும்.

கிரிட்டை மாற்றாமல் 6/8 என்று தாளத்தையே மாற்றலாமே என்றால், மாற்றலாம். அப்போது வேகத்தில் ஒரு சிக்கல் வரும். பெரும்பாலான மென்பொருள்கள் வேகத்தைக் க்வார்ட்டர் நோட்டில் எண்ணுகின்றன, உங்கள் பாதம் தட்டுவதோ ஒன்றரை மடங்கு நீளமான நோட்டில். பாதம் நிமிடத்துக்கு 100 தட்டினால் மென்பொருளில் 150 என்று வைக்க வேண்டும்.

மெஷின் வாங்குபவர்கள் கடையிலேயே கேட்க வேண்டியது, பேட்டர்னை 12 கட்டத்தில் நிறுத்த முடியுமா, டிரிப்லெட் ஸ்கேல் இருக்கிறதா என்பது. இல்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மிஸ்ர சாபு, கண்ட சாபுவில் எழுதும் ஆசை இருந்தால் 7/8, 5/8 வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். மென்பொருளில் இது பிரச்சினையே இல்லை, தயார் நிலை பீட்கள்தான் கிடைக்காது, நாமே புள்ளி வைக்க வேண்டும்.

தபலா, மிருதங்கம், தவில், பறை எல்லாம் மென்பொருளில் கிடைக்குமா?

தபலாவும் டோலக்கும் தாராளமாகக் கிடைக்கும். ஸ்வார்ப்ளக் போன்ற ப்ளக்-இன்களில் இந்தியத் தாள வாத்தியங்களின் லூப்கள் (திரும்பத் திரும்ப ஓடும் பதிவுத் துண்டுகள்) உண்டு, போனில் ஐதப்லா புரோ சாதகத்துக்கும் எழுதுவதற்கும் நல்லது, கராஜ்பேண்டிலேயே தபலா லூப்கள் வருகின்றன. மிருதங்கம் குறைவு. தவிலும் பறையும் கிடைப்பது அரிது, கிடைப்பதிலும் ஒரே பலத்தில் அடித்த நாலைந்து ஒலிகள்தான் இருக்கும்.

அதனால் பறைக்கு நான் சொல்லும் வழி, வாசிப்பவரிடமே போவது. ஊரில் ஒரு குழு இருக்கும். முன்கூட்டியே பேசி, உரிய பணம் கொடுத்து, ஒரு அரை மணி நேரம் கேளுங்கள். தீயில் காய்ச்சி விறைப்பேறியதும் தனித்தனி அடிகளாகப் பதிவு செய்யுங்கள்: அடிக்குச்சியால் நடுவில், சிண்டுக்குச்சியால் ஓரத்தில், இரண்டும் சேர்ந்து. ஒவ்வொன்றையும் மெதுவாக, நடுத்தரமாக, பலமாக, அதுவும் ஒவ்வொரு பலத்திலும் மூன்று நாலு தடவை. போனையே இரண்டு மூன்று அடி தள்ளி வைத்துப் பதிவு செய்யலாம், முன்னால் ஒரு பலமான அடி அடிக்கச் சொல்லி ஒலி உடையாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து துண்டு துண்டாக வெட்டி சிடாலாவின் பேட்களில் போட்டால் உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒரு கிட் இருக்கும். பாட்டு வெளியாகும்போது அவர் பெயரையும் போட வேண்டும், இதைக் கேட்டு வாங்கும் நிலையில் அவர்களை நிறுத்தக் கூடாது.

எவ்வளவு செய்தாலும் மெஷின் அடித்த மாதிரியே இருக்கிறதே?

வெலாசிட்டியைத் தொடாமல் விட்டிருப்பீர்கள். மிடியில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு பலம் உண்டு, மவுஸால் வைத்தால் எல்லாம் ஒரே எண்ணில் போய் உட்காரும். எந்த டிரம்மரும் எட்டு ஹை-ஹாட்டையும் ஒரே பலத்தில் அடிப்பதில்லை. ஹை-ஹாட்டை 95, 60, 80, 60 என்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள், அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும். ஸ்னேரின் பெரிய அடிகளுக்கு நடுவில் 30 பலத்தில் ஒன்றிரண்டு சின்னத் தட்டுகள், பல்லவியில் ஸ்னேர் கட்டத்தை விட ஒரு 5 முதல் 10 மில்லிசெகண்ட் பிந்தி விழுந்தால் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி ஒரு நிதானம். ஸ்விங் (ஒன்றுவிட்ட கட்டத்தைச் சற்றுப் பிந்தித் தள்ளுவது) என்ற குமிழ் இருந்தால் 50 சதவீதம் என்பது நேர், 66 என்பது முழு டிரிப்லெட். 54, 56 பக்கம் வைத்துப் பாருங்கள்.

ஹியூமனைஸ் (மனிதர் வாசித்த மாதிரி ஆக்குவது) பட்டனை நம்ப வேண்டாம். அது கண்டபடி எண்களைக் கலைக்கும், மனிதர் வாசிப்பில் இருக்கும் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது.

இன்னொன்று, டிரம்மருக்கு இரண்டு கை, இரண்டு கால்தான். கையால் அடிக்கும் ஹை-ஹாட், ஸ்னேர், டாம் மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்தால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய்யாக இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

பேடில் தட்டினால் சத்தம் தாமதமாக வருகிறது.

ப்ளூடூத் ஹெட்போன் போட்டிருக்கிறீர்களா? அதுதான். ப்ளூடூத்தில் தாமதம் பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும், கழற்றிவிட்டு வயர் போடுங்கள். வயரில்தான் கேட்கிறேன் என்றால் பஃபர் அளவை (கம்ப்யூட்டர் ஒலியை எவ்வளவு சேர்த்துவைத்து அனுப்புகிறது என்பது) பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று இருந்தால் அது மட்டுமே 23 மில்லிசெகண்ட், 128 என்றால் 3-க்கும் குறைவு. அடித்துப் பதிவு செய்யும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. விண்டோஸில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கிட்டாரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) இல்லாதவர்கள் ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தயார் நிலை லூப்களைப் போட்டுப் பாட்டை வெளியிடலாமா?

மேலே சொன்ன மென்பொருள்களோடு வரும் பீட்களையும் லூப்களையும் உங்கள் பாட்டில் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம், லூப்பைத் தனியாக விற்கத்தான் கூடாது. ஆனாலும் உரிமத்தை ஒரு தடவை படித்துவிடுங்கள். ஒரே ஆடியோ லூப்பை உலகம் முழுக்கப் பலர் போடுவதால், யாரோ ஒருவர் தன் பாட்டுக்கு யூடியூபில் உரிமை பதிந்திருந்தால் அதன் தானியங்கி முறை உங்கள் பாட்டையும் பிடிக்கும். லூப்பைத் தனியாக நிர்வாணமாக முன்னால் விடாமல் மேலே கிட்டாரோ குரலோ சேர்ந்து வருவது நல்லது, மிடி பீட் என்றால் இந்தத் தொல்லை இன்னும் குறைவு. அடுத்தவர் பாட்டிலிருந்து டிரம்ஸை வெட்டி எடுத்துப் போடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி வேண்டும்.

பழைய மெஷின் வாங்கலாமா?

வாங்கலாம், நேரில் பார்த்து. ஒவ்வொரு பேடையும் மெதுவாகவும் பலமாகவும் அடித்துப் பாருங்கள், ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வந்தால் பேட் போய்விட்டது. ஒரு பீட்டைச் சேமித்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி போடுங்கள். அழிந்திருந்தால் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். அது பெரிய செலவில்லை, விலையைக் குறைக்கக் கேட்கலாம். பழைய மெமரி கார்டு கேட்கும் மெஷின் என்றால் அந்தக் கார்டு கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பின்னால் நிஜ டிரம்மரை வைத்துப் பதிவு செய்ய ஆசை. இப்போது செய்யும் டிரம்ஸ் வீணாகிவிடாதா?

ஆகாது. அவரிடம் மூன்று கோப்புகள் கொடுங்கள்: டிரம்ஸோடு ஒரு மிக்ஸ், டிரம்ஸ் இல்லாமல் மெட்ரோனோம் கிளிக்கோடு ஒரு மிக்ஸ், டிரம்ஸின் மிடி. மூன்றும் ஒரே இடத்தில் தொடங்கட்டும், முன்னால் இரண்டு பார் எண்ணிக்கை வையுங்கள், கோப்பின் பெயரிலேயே வேகத்தை எழுதிவிடுங்கள். உங்கள் பீட்டில் எதை அப்படியே வாசிக்க வேண்டும், எதை அவர் விருப்பத்துக்கு விடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் கிக்கை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும், ஏனென்றால் பேஸ் அதோடு கட்டப்பட்டிருக்கும். ஃபில்களை அவரிடமே விட்டுவிடலாம். வேகத்தை மட்டும் பதிவுக்கு முன் அவர் வாசித்துப் பார்த்து உறுதி செய்யட்டும், மெஷினோடு எழுதிய பாட்டு கையால் வாசிக்கும்போது ஒன்றிரண்டு பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) குறைத்தால் நன்றாக உட்காரும்.